கிரப் நிறுவும்போது "கோப்பு முறைமை அழியக்கூடும்" என்ற எச்சரிக்கை: மீறித் தொடரலாமா?

தனிவழி:
வணக்கம். புதிய வன்வட்டுக்கு லினக்ஸை மாற்றினேன். அதன்பின் கணினி துவங்கவில்லை. லைவ் யுஎஸ்பி வழியாக உள்ளே சென்று, லினக்ஸைத் துவக்கும் நிரலான கிரப்பை நிறுவ முயன்றால், கோப்பு முறைமையே (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பு) அழிந்துபோகலாம் என்று எச்சரித்துவிட்டு நின்றுவிடுகிறது. ஸ்கிப்-எஃப்எஸ்-புரோப் என்று சேர்த்துக் கொடுத்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கலாம் என்று அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. அதைக் கொடுத்துவிடலாமா? பல ஆண்டு வேலை அதில் இருப்பதால் விரைவில் பதில் சொல்லுங்கள்.

செக்டர்63:
கொடுக்காதீர்கள். முதலில் சில விவரங்கள் வேண்டும். கட்டளையின் கடைசியில் முழு வட்டின் பெயரைக் கொடுத்தீர்களா, அல்லது எண்ணுடன் முடியும் பார்ட்டிஷனின் (வட்டின் ஒரு பிரிவு) பெயரையா? அந்தப் பார்ட்டிஷனில் இருப்பது எந்தக் கோப்பு முறைமை? பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் அட்டவணை பழைய எம்பிஆர் வகையா, புதிய ஜிபிடியா? கணினி பழைய பயாஸ் முறையில் துவங்குகிறதா, புதிய யுஇஎஃப்ஐ முறையிலா?

அகல்விளக்கு:
புதிய வட்டு என்கிறார், ஜிபிடியாகத்தான் இருக்கும். ஜிபிடி என்றால் யுஇஎஃப்ஐதான். ஃபேட்32 கோப்பு முறைமையில், யுஇஎஃப்ஐ படிக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி அதில் கிரப்பை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு இரண்டு கணினிகளில் இப்படித்தான் தீர்ந்தது.

வேர்முனையம்:
கட்டளையையும் கிடைத்த செய்தியையும் அப்படியே ஒட்ட வேண்டும் என்று எத்தனை முறை எழுதுவது? கையேட்டின் முதல் அத்தியாயத்தைக்கூடப் படிக்காதவர்கள் கிரப் போன்ற பூட் லோடரைத் தொடாமல் இருப்பதே அவர்களுடைய தரவுக்கு நல்லது. எதைச் செய்வதற்கு முன்பும் வட்டின் முதல் 512 பைட்டுகளை டிடி கட்டளையால் நகலெடுத்து வையுங்கள். கெட்டுப்போனால் அதையே திருப்பி எழுதிக்கொள்ளலாம்.

செக்டர்63:
நகலெடுப்பது நல்லதுதான், ஆனால் எம்பிஆர் வட்டில் 512 பைட்டுகளையும் திருப்பி எழுதச் சொல்வது ஆபத்து. துவக்க நிரல் முதல் 446 பைட்டுகளில் முடிந்துவிடுகிறது. அடுத்த 64 பைட்டுகள் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி இரண்டு அடையாளக் குறி. நகலெடுத்த பிறகு பார்ட்டிஷன்களை மாற்றியிருந்தால், 512-ஐயும் திருப்பி எழுதும்போது பழைய அட்டவணை புதியதன் மேல் ஏறிவிடும். திருப்பும்போது 446 போதும்.

வேர்முனையம்:
அட்டவணையை மாற்றிய அன்றே புதிய நகல் எடுக்காதது பயனரின் பிழை. பல ஆண்டுகளாக 512-ஐத்தான் திருப்பி எழுதுகிறேன்; எனக்கு ஒன்றும் ஆனதில்லை.

மணற்கேணி:
இது ஜிபிடி வட்டாக இருந்தால் உங்கள் இருவரின் கணக்கும் போதாது. அங்கே முதல் செக்டரில் (வட்டின் சிறு அலகு; எண்ணிக்கை 0-இல் தொடங்கும்) இருப்பது, பழைய கருவிகளிடமிருந்து வட்டைக் காக்கும் ஒற்றைப் பதிவு மட்டுமே. அட்டவணையின் உண்மையான தலைப்பு 1-ஆம் செக்டரிலும், பதிவுகள் 2 முதல் 33 வரையிலும், இவற்றின் நகல் வட்டின் கடைசியிலும் இருக்கின்றன. ஜிபிடி அட்டவணையைக் கையாளும் எஸ்ஜிடிஸ்க் கட்டளையின் பேக்கப் வசதியால் நகலெடுத்து, அந்தக் கோப்பை வேறொரு வட்டில் வைப்பதே சரி. தனிவழி, கேட்ட விவரங்களைச் சொல்லுங்கள்.

தனிவழி:
மன்னிக்கவும், இவையெல்லாம் தேவைப்படும் என்று நினைக்கவில்லை. 4 டெராபைட் வட்டு, ஜிபிடி. முதல் பார்ட்டிஷன் ஸ்வாப் (நினைவகத்துக்கான கூடுதல் இடம்), 2048-ஆம் செக்டரில் தொடங்குகிறது. இரண்டாவது ரூட் (லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷன்), எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை. பழைய கணினி, பயாஸ் மட்டும்தான். முதலில் முழு வட்டின் பெயரைத்தான் கொடுத்தேன். பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை என்று மறுத்ததால் எஸ்டிஏ2 என்று இரண்டாம் பார்ட்டிஷனின் பெயராக மாற்றிக் கொடுத்தேன். அப்போதுதான் இந்த எச்சரிக்கை வந்தது.

செக்டர்63:
நீங்கள் நிறுத்திக் கேட்டது மிக நல்லதாயிற்று. எக்ஸ்டி4 கோப்பு முறைமை தன் முதல் 1024 பைட்டுகளைத் துவக்க நிரலுக்காகத் தொடாமல் விட்டுவைக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் முதல் 64 கிலோபைட்டை விடுகிறது. எக்ஸ்எஃப்எஸ் அப்படி எதையும் விடுவதில்லை. அதன் சூப்பர் பிளாக் (முழு அமைப்பையும் விவரிக்கும் பகுதி) பார்ட்டிஷனின் முதல் பைட்டிலேயே தொடங்குகிறது. அந்தச் சோதனையைத் தவிர்த்திருந்தால் கிரப்பின் நிரல் நேராக அதன் மேல் எழுதப்பட்டிருக்கும்.

அகல்விளக்கு:
அப்படியானால் ரூட்டைச் சற்றுச் சுருக்கி, கடைசியில் இஎஃப்ஐக்கு இடம் ஒதுக்கலாமே?

மணற்கேணி:
நண்பரே, எக்ஸ்எஃப்எஸ்ஸை அப்படிச் சுருக்க முடியாது. பயாஸ் மட்டுமே உள்ள கணினிக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷனால் பயனும் இல்லை. ஜிபிடியும் யுஇஎஃப்ஐயும் ஒன்றல்ல. எம்பிஆரில் 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது என்பதால்தான் இவர் ஜிபிடிக்கு வர வேண்டியிருந்தது.

தனிவழி, எதையும் நகர்த்தாமலே உங்களுக்குத் தேவையான இடம் வட்டில் இருக்கிறது. பழைய எம்பிஆர் வட்டில், அட்டவணைக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில் கிரப் தன் மையப் பகுதியை வைத்திருந்தது. ஜிபிடியில் அதற்கென்று அறிவிக்கப்பட்ட பார்ட்டிஷன் இருந்தால்தான் எழுதும். உங்கள் வட்டில் 34 முதல் 2047 வரையுள்ள 2014 செக்டர்கள் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. செக்டருக்கு 512 பைட் என்றால் 1007 கிலோபைட், கிரப்புக்குத் தாராளம். தொடக்க இடம் தள்ளிப்போகாதபடி எஸ்ஜிடிஸ்க்கில் ஒழுங்கமைவை (அலைன்மென்ட்) 1 என்று வைத்து, 34-இல் தொடங்கி 2047-இல் முடியும் மூன்றாம் பார்ட்டிஷனை உருவாக்கி, அதன் வகையை இஎஃப்02 (பயாஸ் பூட் பார்ட்டிஷன்) என்று குறியுங்கள். அதை ஃபார்மேட் செய்யாதீர்கள். அதில் கோப்பு முறைமை இருக்கவே கூடாது. எண் வரிசை மாறியிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், கிரப் வகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும்.

அதன்பின் லைவ் யுஎஸ்பியிலிருந்து ரூட்டை மவுண்ட் செய்து (இணைத்து), டெவ், பிராக், சிஸ் என்ற அடைவுகள் மூன்றையும் அதனுள் பிணைத்து, சிஹெச்ரூட் கட்டளை வழியாக அந்த லினக்ஸின் உள்ளே சென்று, எண் இல்லாமல் எஸ்டிஏ என்று மட்டும் கொடுத்து நிறுவுங்கள். ஃபோர்ஸ் என்றோ ஸ்கிப் என்றோ எதையும் சேர்க்காதீர்கள். மறுபடியும் மறுத்தால் அந்தச் செய்தியை இங்கே எழுதுங்கள்.

வேர்முனையம்:
முதல் பதிவிலேயே இந்த விவரங்கள் இருந்திருந்தால் மூன்றே வரியில் முடிந்திருக்கும். தொடங்கும் முன் அட்டவணையை நகலெடுங்கள். ஜிபிடிக்கு மணற்கேணி சொன்ன முறையே சரி.

தனிவழி:
நகலெடுத்துவிட்டுச் செய்தேன். பிழை எதுவும் இல்லை என்று வந்தது, கணினி துவங்கிவிட்டது. அதற்கு முன் ரூட்டை அன்மவுண்ட் செய்து, கோப்பு முறைமையைச் சோதிக்கும் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை எதையும் மாற்றாத முறையில் ஓட்டிப் பார்த்தேன். குறை எதுவும் சொல்லவில்லை. அனைவருக்கும் மிக்க நன்றி.

செக்டர்63:
மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: பழைய வட்டு இன்னும் கணினியில் இணைந்திருக்கிறதா? பார்ட்டிஷனை டிடியால் நகலெடுத்திருந்தால் இரண்டிலும் யுயுஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) ஒன்றே. கிரப் எதிலிருந்து துவக்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழையதைக் கழற்றிவிட்டு ஒருமுறை துவக்கிப் பார்த்தீர்களா?

மணற்கேணி:
தனிவழி, இதைப் பார்த்தால் பதில் சொல்லுங்கள். அதுவரை பழைய வட்டில் எதையும் அழிக்காதீர்கள்.