பென்னாகரத்தில் கொத்தனார் கூலி ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது?

12 வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். நாள் கூலி 850 ரூபாய், அதிலும் சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி முன்பணம், டீக்காசு என்று கழித்துக்கொண்டுதான் தருவார். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் விலை ஏறினால் வாய் திறக்காமல் கொடுக்கிற வீட்டுக்காரர், நாங்கள் 50 ரூபாய் ஏற்றிக் கேட்டால் மட்டும் ‘வேற ஆள் பாத்துக்கறேன்’ என்கிறார். ஓசூர் போய்விடலாமா?

— ஓசூரில் டைல்ஸ் ஒட்டுகிறேன். 1,100 கிடைக்கும், ரூம் வாடகையும் ஓட்டல் சாப்பாடும் போனால் ஊரில் வாங்கும் அதே காசுதான். வந்தால் சதுர அடிக் கணக்கில் பேசுங்கள், நாள் கூலி வேண்டாம்.

— அண்ணா, நான் சித்தாள், எனக்கு 500. அதே சாந்துச் சட்டிதான், கூட நிற்கும் ஆம்பளை ஆளுக்கு 200 கூட. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டதாம், காரிமங்கலத்துக்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை போல.

— சரி, கூலி ஒரு பக்கம் இருக்கட்டும், கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா? கட்டடச் செலவில் 1 சதவீதம் வசூலிப்பதே நமக்காகத்தான். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்து உதவி, 60 வயதில் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனால் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டால் ஒன்றும் வராது.

— அட்டை பீரோவில் கிடக்கிறது, புதுப்பிக்கத்தான் இல்லை. அதற்கு ஒரு நாள் கூலி போகுமா, இல்லை இ-சேவை மையத்திலேயே முடிந்துவிடுமா?