தண்ணி இறங்கினால் தெரியும் ஊர்: போனவர்கள் சொல்லுங்கள்

பண்ணவாடிப் பேரன்:
மேட்டூர் அணைத் தண்ணிக்குள் மூழ்கிப்போன எங்கள் பழைய ஊர்ப் பக்கம் கோயில் நந்தி தலை தெரிகிறது என்று செய்தி வந்தாலே எனக்குத் தாத்தா ஞாபகம்தான். அணை நீர்மட்டம் 70 அடிக்குப் பக்கம் இறங்கியிருந்த ஒரு கோடையில் கூட்டிப் போனேன். எல்லோரும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வெடித்துக் கிடந்த வண்டலில் விறுவிறுவென்று நடந்தவர், ஓரிடத்தில் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார். நான் நேராகக் காலெடுத்து வைத்தேன். "டேய், அது பங்காளி வூட்டு அடுப்படிடா, செருப்போட போறியே!" அங்கே ஒரு செங்கல்கூட இல்லை. யாரோ நிலக்கடலை விதைத்திருந்தார்கள். 1934-ல் அணை திறக்கும் முன்பே ஊரைக் காலி செய்தாயிற்று, அப்போது இவர் அரை டிராயர் பையன்.

கொள்ளிடக்கரை:
நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன். அணைத் தண்ணிக் கரையில் இருக்கும் பண்ணவாடியில், டீக்கடையில் ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். கும்பகோணம் பக்கம் என்றேன். "எங்கூரு மேல நிக்கற தண்ணியத்தானுங்க நீங்க குடிக்கறீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேலியா, குத்தலா, இன்றுவரை பிடிபடவில்லை. ஆனாலும் ஒன்று, 1924 காவிரி வெள்ளத்தைப் பற்றி எங்கள் வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த மாதிரி வெள்ளத்தைத் தடுக்கத்தானே இந்த அணை?

மதகுக்காரன் (ஓய்வு):
இல்லை ஐயா. முதல் காரணம் டெல்டா பாசனம். சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் போட்டது 1924 பிப்ரவரி, வெள்ளம் வந்தது ஜூலை. வெள்ளத்தை ஓரளவு தாங்கும், சரி. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சியும் நிரம்பிவிட்டால்? வருவதை அப்படியே உபரி நீர் போகும் 16 கண் மதகில் விட வேண்டியதுதான். 2018 ஆகஸ்டில் திருச்சி பக்கம் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, மறுநாள் போய்ப் பார்த்தேன். மதகு இருந்த இடத்தில் செம்பழுப்பாய்ச் சுழித்துக்கொண்டு ஓடியது. பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சுழிதான் கண்ணில் நிற்கிறது.

நாகமறை ராசா:
நான் போனபோது மாதா கோயில் கோபுரம் மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான். புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கீழே சேறு, முழங்கால்வரை இறங்கும். மாட்டுத் தடம் இருக்கும் வழியாகவே போங்கள். பரிசல்காரரிடம் திரும்பி வரும் நேரத்தையும் பேசிவிட்டு ஏறுங்கள். சாயங்காலம் காற்று கிளம்பினால் ஓட்ட மாட்டார்கள், அப்புறம் அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. நந்தி மேல் ஏறி செல்ஃபி வேண்டாம். கடலைக் காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள், தண்ணி ஏறுவதற்குள் பிடுங்கியாக வேண்டுமே என்று அவர்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, குடை மறக்காதீர்கள், அங்கே மரமே கிடையாது.

பண்ணவாடிப் பேரன்:
ராசா, நான் வழி கேட்கவே இல்லையே! கொள்ளிடக்கரை, அந்தப் பெரியவர் உங்கள் டீக்குக் காசு கொடுத்தாரா? கொடுத்திருந்தால் கேலிதான்.