கலைச்சொல் உதவி: எடிட்டோரியல் இல்லஸ்ட்ரேஷனைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?

எல்லாருக்கும் வணக்கம். இங்க சிங்கப்பூர்ல உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நூலகத்துல ஓவியப் பட்டறை ஒண்ணு நடக்குது, அதுக்குத் தமிழ்க் கையேடு நான்தான் எழுதறேன், வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். ஏற்பாட்டாளர் கொடுத்த வரைவுல 'தலையங்க ஓவியம்'னு இருக்கு, அது கண்டிப்பா தப்பு. இங்க எடிட்டோரியல்னா தலையங்கம் கிடையாது, பத்திரிகைல விளம்பரம் போக மிச்சம் இருக்கற கட்டுரை, கதை, பேட்டி எல்லாமே அதுல வந்துடும். நியூயார்க் டைம்ஸ் 1970ல ஆரம்பிச்ச ஆப்-எட் பக்கத்துக்கே 'தலையங்கப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்'னுதான் அர்த்தம். அங்க பிராட் ஹாலண்ட் மாதிரி ஓவியருங்க கட்டுரைல சொன்னதை அப்படியே வரையல, அதைப் படிச்சா மனசுல எழற எண்ணத்தை வரைஞ்சாங்க. முதியோர் தனிமை பத்தி ஒரு கட்டுரைன்னு வச்சுக்குங்க, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ தாத்தா ஒருத்தர் உட்கார்ந்திருக்கறதை போட்டோகிராஃபரே எடுத்துடுவார். ஓவியர் என்ன செய்வார்னா, வாய்ட் டெக் (புளோக்கோட திறந்த கீழ்த்தளம்) கல்மேசைல சதுரங்கம், ஒரு பக்கம் காய் எல்லாம் அடுக்கி ரெடியா இருக்கு, எதிர்ப்பக்கம் ஒரு காய்கூட இல்ல. இந்த வேலைக்கு ஒரு பேர் சொல்லுங்க.

*

தம்பி, தெம்பனிஸ்லேருந்து எழுதறேன். முதல்ல 'விளக்கப்படம்' பக்கம் போயிடாதீங்க, அறிவியல் பாடத்துல பூவோட உறுப்பைக் காட்டறதுக்கும் அதே சொல்தான். தவிர, சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் படம்ங்கறதை வடசொல்லாத்தான் காட்டுது. ஓவியம் நம்ம சொல், ஒவ்வுதல்லேருந்து ஓவு, ஓவம், ஓவியம்னு வந்திருக்கணும்ங்கறது என் துணிபு, ஒன்றைப் போல இருப்பது ஓவியம். புறநானூறு 251ல 'ஓவத் தன்ன இடனுடை வரைப்பின்'னு வருதே. அதனால 'இதழோவம்'. இன்னொண்ணும் சொல்லணும், நெடுநல்வாடைல 'புனையா ஓவியம்'னு வருது, வண்ணம் தீட்டாத வெறும் கோட்டு ஓவியம். ஆசிரியர் பார்வைக்கு முதல்ல அனுப்பற ரஃப் ஸ்கெட்ச்சுக்கு இதைவிட நல்ல சொல் எங்க கிடைக்கும்?

*

ஐயா, புனையா ஓவியம் அருமை, நானே வகுப்புல சொல்லித் தரப்போறேன். ஆனா இதழோவம் வேண்டாம். உயர்நிலை இரண்டுல 'இதழ்'னு சொன்னா பாதிப் பிள்ளைங்களுக்கு உதடுதான் ஞாபகம் வரும், 'ஓவம்' சுத்தமா புரியாது. படம் வடசொல்லாவே இருக்கட்டுமே, 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ'ன்னு தொல்காப்பியரே வழி விட்டிருக்காரே, எழுத்தும் ஒலியும் தமிழாயிட்டா சொல்லும் தமிழ்தான். வீட்ல தமிழ் பேசாத பிள்ளைக்கும் தெரிஞ்ச ஒரு சொல்லை எதுக்குப் பிடுங்கணும்? என் ஓட்டு 'கருத்துப்படம்'.

*

டீச்சரம்மா, கருத்துப்படம்னா கார்ட்டூன்னு ஏற்கெனவே பலபேர் புழங்கறாங்க. பாரதியோட 'இந்தியா' பத்திரிகை 1906லயே அதைத் தமிழுக்குக் கொண்டுவந்துடுச்சு. கார்ட்டூனிஸ்ட் சொந்தக் கருத்தைச் சொல்றவர், இவரோ இன்னொருத்தர் எழுதினதுக்குத் துணையா வரையறவர், ரெண்டையும் ஒரே பேர்ல கட்டினா ரெண்டு தொழிலுக்குமே அநியாயம். 1950ல கல்கில பொன்னியின் செல்வன் தொடரா வந்தப்ப மணியம் வரைஞ்ச நந்தினி இன்னும் கண்ணுலயே நிக்கறா, அதையும் கருத்துப்படம்னு சொல்வீங்களா? புரியுமா புரியாதான்னு ரொம்ப பயப்படாதீங்க. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசே நிதி (மத்திய சேம நிதி) மாதிரிச் சொல் எல்லாம் பொறந்தப்ப யாருக்குப் புரிஞ்சிருக்கும், தினம் பேப்பர்ல பார்த்துப் பார்த்து இன்னிக்குப் பாட்டிகூட சொல்றாங்க. 'இணையம்'ங்கற சொல்லே நம்ம சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கொடுத்ததுன்னுதான் சொல்வாங்க, அதை இப்ப உலகம் பூரா தமிழங்க எழுதலையா? அந்தத் துணிச்சலோட 'இதழோவியம்'னே போடுங்க தம்பி.

*

நன்றி எல்லாருக்கும். என் மனசுக்கு 'கட்டுரையோவியம்'தான் பிடிச்சிருந்துச்சு, ஏன்னா எழுத்தைப் படிக்காம இந்தப் படம் பிறக்கவே முடியாது, அது பேர்லயே தெரியணும்னு நினைச்சேன். ஆனா கதைக்கு வரையறது அதுல அடங்காதுன்னு தனிமடல்ல ரெண்டு பேர் சொன்னாங்க, அதுவும் நியாயம்தான். நாளும் இல்ல, அதிகம் பேர் 'இதழோவியம்' பக்கம் இருக்கறதால அதையே போடறேன், முதல் தடவை வர்ற இடத்துல 'பத்திரிகைக் கட்டுரை, கதைகளுக்கு வரையும் ஓவியம்'னு ஒரு வரி விளக்கமும் சேர்த்துடறேன். ரஃப் போடற பகுதிக்குத் தலைப்பு 'புனையா ஓவியம்', அதுல யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

*

எனக்கு இன்னும் உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்றேன். கையேட்ல எது வேணா இருக்கட்டும், என் வகுப்புல 'பத்திரிகைப் படம்'னுதான் சொல்லப்போறேன்.