புதுப்பிப்பு: ரோஸ்வுட் கிதாரை விமானத்தில் கொண்டுபோக அனுமதி வேண்டுமா?

ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு (கழுத்தில் விரல் அழுத்தும் பலகை) வைத்த கிதாரோடு வெளிநாடு போக சைட்டீஸ் (அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதி வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் "கண்டிப்பாக வேண்டும்" என்றீர்கள். அது பழைய கதை. 2017 ஜனவரியில், ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் (பிரேசில் ரோஸ்வுட் தவிர) முழுக்க பின்னிணைப்பு 2-க்குள், அதாவது எல்லை தாண்ட அனுமதி கேட்கும் சைட்டீஸ் பட்டியலுக்குள், வந்தது. பெருமளவில் வெட்டப்பட்டது மரச்சாமான்களுக்காக, மாட்டிக்கொண்டது கிதார்காரர்களும்தான். 2019-இல் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 26 முதல் அமல். நம்ம ஊர் ஈட்டிமரமும் இதில் அடக்கம்.

ஆனால் "முழுமையாக" என்பதைக் கவனியுங்கள். ஃபிரெட் (ஃபிரெட்போர்டில் பதிக்கும் உலோகக் கம்பி) பள்ளம் வெட்டாத வெறும் பலகையை அனுப்பினால் அது மரம்தான், அனுமதி தேவை.

அப்புறம், பிரேசில் ரோஸ்வுட் வேறு விஷயம். 1992 முதல் பின்னிணைப்பு 1-இல், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், இருக்கிறது, இந்த விலக்கு அதற்குக் கிடையாது. அறுபதுகளின் பழைய கிதார் வைத்திருப்பவர்கள் முதலில் மரம் எது என்று பாருங்கள். 1992-க்கு முந்தையது என்று காட்டும் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்ட வேண்டாம்.

என்னுடையது ஈட்டிமரம். கொண்டுபோகிறேன்.