புதுப்பிப்பு: அப்பாவின் சென்சார் இரவில் 58 காட்டியது ஏன்?

அப்பாவின் இடது கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார் மூன்று நாளாக விடியற்காலையில் 58 (mg/dL, அதாவது சர்க்கரை ரொம்பக் குறைவு) காட்டி அலாரம் அடிக்கிறது, அவருக்கோ வியர்வை, படபடப்பு எதுவும் இல்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். ரொம்ப நன்றி.

அடுத்த அலாரத்தில் குத்திப் பார்த்தோம். 112, சர்க்கரை தாழவே இல்லை! அப்பா இடது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவார். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தின் குளுக்கோஸை. உடம்பின் பாரம் அந்த இடத்தை அழுத்தினால் எண் பொய்யாக இறங்கும். அந்த சென்சாரின் 14 நாள் ஆயுள் முடிந்ததும் புதியதை வலது கையில் ஒட்டினோம், அப்புறம் இரவு அலாரமே இல்லை. அந்த மூன்று இரவும் பயந்துபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோமே என்று மனசு கஷ்டப்படுகிறது.

ஆனால் தயவுசெய்து அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அறிகுறியே இல்லாமல் நிஜமாகச் சர்க்கரை தாழ்வதும் உண்டு, முக்கியமாக இன்சுலின் போடுபவர்களுக்கு. ஒவ்வொரு முறையும் குத்திப் பார்ப்பதுதான் வழி.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பெரிய மாற்றம். காலையில் நான்கு இட்லி சாப்பிட்டால் 236 வரை ஏறியது. இப்போது இரண்டு இட்லி, ஒரு முட்டை, பிறகு 15 நிமிட நடை. பெரும்பாலும் 180-ஐத் தாண்டுவதில்லை. மொபைலில் சென்சார் காட்டும் சர்க்கரை வரைபடத்தை அப்பாவே பார்க்கிறார், நாங்கள் சொல்லவே வேண்டியதில்லை. மாத்திரையை நாங்களாகக் குறைக்கவில்லை. 14 நாள் அறிக்கையோடு அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம்.