லைவ் ராக் தயார் செய்வதில் ஒரு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி அமைக்கிறேன். அதற்கு லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியேறி, தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் கல்) தயார் செய்கிறேன். கடலில் எடுத்த பவளக்கல் எனக்கு வேண்டவே வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பவளக்கல்லை வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் மூழ்கிப்போயின. அதனால் உலர்ந்த கல் வாங்கி, தனி டிரம்மில் உப்புநீர் (அடர்த்தி 1.025) நிரப்பி, பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடவிட்டு, பாசி பிடிக்காமல் இருட்டில் வைத்திருக்கிறேன். நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவும் ஊற்றியாச்சு. அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, நைட்ரைட்தான் இறங்க மறுக்கிறது. கல்லிலிருந்து பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் வேறு கசிகிறது.

இப்போது தண்ணீர் மாற்றலாமா, அப்படியே விடணுமா? பாஸ்பேட்டை நீரிலிருந்து பிரித்தெடுக்க லாந்தனம் குளோரைடு போட்டவர்கள் இருந்தால், எவ்வளவு, எப்படி விட்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். க்ளவுன் மீன் வாங்க அவசரமே இல்லை, கல் முழுதாகத் தயாரானால் போதும்.