பொருள்: மாசியில குளிர்தண்ணி இறங்கிறது – ஊரில குடிதண்ணி சுத்திகரிக்கிற ஆர்.ஓ. பிளான்ட் திருத்தக் காசு

அனுப்புநர்: சங்கக்கடைத் தம்பி, லண்டன்

எல்லாருக்கும் வணக்கம்.

ஆவணியில ஊருக்குப் போய் வந்த மச்சாள் அனுப்பின படங்களைப் பாத்திருப்பியள். பள்ளிக்கூடத்தடி ஆர்.ஓ. கொட்டில் பூட்டிக் கிடக்கு. பைப்படியெல்லாம் பாசி. பின்னால கழிவுத்தண்ணிக் குழி நிரம்பி நுளம்பு குடியிருக்கு. காசுள்ளவை பவுசர் தண்ணி வாங்கினம், மற்றச் சனம் பழையபடி கிணத்துத் தண்ணிதான். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் இன்னதெண்டு முடிவாகாத சிறுநீரக நோய் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். இதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கேலாது.

இஞ்சை பிள்ளையள் ஒரு யோசனை சொல்லுதுகள். மாசி கடைசி ஞாயிறு, லண்டன்காரர் தென்கரைக் கடலில, ரொறொன்ரோ ஒன்ராறியோ ஏரியில, ஒஸ்லோ கடல்கழியில, ஒரே நாளில இறங்கி இரண்டு நிமிசம் நிக்கிறது. இறங்கிற ஒவ்வொருத்தரும் தெரிஞ்ச ஆக்களிட்டக் காசு சேர்க்கிறது. இறங்கிறவை இந்த மாதத்துக்குள்ள பேர் தாங்கோ.

---

அனுப்புநர்: பொருளாளர், லண்டன்

அன்புடையீர்,

நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாசிகசாலைக் கதவு விடயத்தில் நடந்தது மீண்டும் நடக்க இடம் கொடுக்க மாட்டேன்.

எவ்வளவு காசு தேவை என்று எவரும் இதுவரை எழுதவில்லை. மெம்பிறேன் (தண்ணீரிலிருந்து உப்பை வடிக்கும் சவ்வு) மாற்றவா, கழுவவா, முழுப் பிளான்ட்டும் புதிதாகவா? மூன்று இடத்தில் விலைக்கூறல் எடுத்து இந்தக் குழுவில் போட்ட பின்னரே சேகரிப்புப் பக்கம் திறக்கலாம்.

இரண்டாவது, இங்கு பலர் “கிஃப்ட் எய்ட் வரும்” என்கிறார்கள். வராது. வரி கட்டும் ஒருவர் ஒரு பவுண் தந்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருவது, வரித் திணைக்களம் அறநிலையமாக ஏற்றுக்கொண்ட அமைப்புக்கு மட்டும். நாங்கள் இன்னும் அந்த விண்ணப்பத்தையே நிரப்பவில்லை. இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டும் அறநிலையம் ஆணைக்குழுவில் பதிய வேண்டும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். பதியும்வரை காசு தருபவரிடம் கிஃப்ட் எய்ட் பெட்டியில் அடையாளம் போடச் சொல்லக் கூடாது.

மூன்றாவது, ஊருக்குப் போகும் காசு தனியாளின் கணக்குக்குப் போகாது. கிராம அபிவிருத்திச் சங்கக் கணக்கு, இரண்டு கையொப்பம், வாங்கிய மெம்பிறேனின் தொடர் இலக்கம் தெரியும்படி படம், கடைப் பற்றுச்சீட்டு. இவை நாலும் இல்லாமல் ஒரு சதமும் விடமாட்டேன்.

---

அனுப்புநர்: துருசடி அக்கா, ரொறொன்ரோ

தம்பி, நல்ல விசயம். ஆனால் மாசியில நேர இறங்கலாமெண்டு ஒருத்தரும் நினைக்கப்படாது. இப்ப புரட்டாசி. இறங்கப்போறவை இப்பவே தொடங்கவேணும்.

ஊரில மார்கழித் திருவெம்பாவைக்கு விடியமுன்னம் கிணத்தடியில தோஞ்ச ஆக்கள் நாங்கள், எங்களுக்கென்ன எண்டு ஆரோ வட்ஸ்அப்பில எழுதியிருந்தவை. அது கணக்கில்லை. வன்னியில கிணத்துத் தண்ணி வருசம் முழுக்க 27, 28 பாகைதான். மார்கழியில காத்துத்தான் குளிர், அள்ளி ஊத்திற தண்ணி இளஞ்சூடாத்தான் இருக்கும். பிரித்தானியக் கடல் மாசியில 6 முதல் 9 பாகை. ஒன்ராறியோ ஏரி அதிலும் கீழ, கரையில பனிக்கட்டியும் நிக்கும். தண்ணி காத்தைப்போல 25 மடங்கு கெதியா உடம்புச் சூட்டை இழுக்கும்.

இறங்கின உடன என்ன நடக்கும்? தோல் திடீரெண்டு குளிர, கேக்காமலே ஒரு பெருமூச்சு உள்ள இழுபடும். அந்த நேரம் வாய் தண்ணிக்குள்ள இருந்தால் தண்ணிதான் உள்ள போகும். பிறகு மூச்சு இரைக்கும், நெஞ்சு அடிக்கும், பிறஷர் ஏறும். முதல் அரை நிமிசம்தான் ஆகக் கடுமை, ஒண்டு தொடக்கம் மூண்டு நிமிசத்தில அடங்கும். குளிர்தண்ணிச் சாவுகளில கனக்க இந்த இடத்திலதான் நடக்கிறது, உடம்பு விறைச்சு இல்லை. ஆனபடியால் பாயிறதும் இல்லை, தலை தாழ்க்கிறதும் இல்லை. முகம் திடீரெண்டு நனைஞ்சால் இதயத்தை மெதுவாக்கிற கட்டளை ஒண்டு போகும். குளிர் அதே நேரம் வேகமாக்கச் சொல்லும். இரண்டும் இழுபடேக்க இதயத் துடிப்பு குழம்பும்.

கனடாவில மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்குடுக்கிற கணக்கு 1-10-1. ஒரு நிமிசத்தில மூச்சைப் பிடிச்சுக் கட்டுப்படுத்து, பத்து நிமிசம் வரைக்கும் கை கால் சொல்லுக் கேக்கும், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் இருக்கு. இரணைமடுக் குளத்தில இந்தக் கரையால அந்தக் கரை நீந்தினவருக்கும் பத்து நிமிசத்துக்குப் பிறகு விரல் மடங்காது. நீச்சல் தெரியும் எண்ட துணிவு இதில உதவாது. நெஞ்சளவுக்கு மேல போகவேண்டாம்.

பழகிற முறை: கிழமைக்கு ஒருக்கா, இரண்டு மூண்டு நிமிசம், இப்பயிருந்து விடாமல். தண்ணி மெல்ல மெல்லக் குளிர உடம்பும் கூடவே பழகும். ஐந்தாறு தரம் இறங்கினாலே அந்த முதல் இரைப்பு ஏறக்குறையப் பாதியாகும். இடையில விட்டிட்டு மாசியில திரும்ப வந்து நிக்கிறது சரிவராது.

அண்டைக்குச் செய்யிறது இதுதான். தனிய ஒருத்தரும் இறங்கப்படாது. இறங்கிற ஒவ்வொருத்தருக்கும் கரையில உடுப்போட ஒரு ஆள், பேர்ப் பட்டியல் கையில. நடந்து இறங்கவேணும். முழங்கால், இடுப்பு, கையால அள்ளிக் கழுத்திலயும் முகத்திலயும் கொஞ்சம், பிறகு தோள். மூச்சை நீட்டி வெளிய விடுறதில மட்டும் கவனம். வாயால ஒரு வசனம் முழுசாச் சொல்லக்கூடியதாயிருந்தால் மூச்சு அடங்கீற்றுது எண்டு அர்த்தம். இரண்டு நிமிசத்தில ஏறுங்கோ, நல்லாயிருக்கு எண்டு தோணினாலும் ஏறுங்கோ.

கையுறையும் சப்பாத்தும் நியோப்பிரீன் எண்ட ரப்பர் துணி, 3 முதல் 5 மில்லிமீற்றர். தலைக்குக் கம்பளித் தொப்பி. மாத்துடுப்பை முதல் போடுறது மேல வரக்கூடியதா அடுக்கி வையுங்கோ. பட்டன், சிப் வைச்சது வேண்டாம், விறைச்ச விரல் பூட்டாது. ஏறின உடன நனைஞ்சதைக் கழட்டி, மேலுடம்பை முதல் மூடவேணும்.

ஏறின பிறகுதான் உள்ளுடம்புச் சூடு இன்னும் இறங்கும். பத்து நிமிசத்தால, அரை மணித்தியாலத்தால நடுக்கம் பிடிக்கிறது அதாலதான். சுடுதண்ணியில நேர நிண்டால் தோலில இரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு பிறஷர் விழுந்து மயங்குவியள். சீனி கூடப் போட்ட தேத்தண்ணி, ஒரு துண்டு கேக், காத்தடியாத இடம். நடுக்கம் முழுசா நிக்குமட்டும் வாகனம் ஓடவேண்டாம். முதலோ பிறகோ சாராயம் ஒரு சொட்டும் கூடாது. ஆருக்கும் கதை குழறினால், நடை தள்ளாடினால், சண்டை பிடிக்கிறமாதிரிக் கதைச்சால், படுக்கவைச்சுப் போத்து உடன அழையுங்கோ: கனடா 911, பிரித்தானியா 999, கடற்கரையெண்டால் கோஸ்ட்காட் கேக்கவேணும், நோர்வே 113.

இறங்கவே கூடாதவை: நெஞ்சுவருத்தம் உள்ளவை, பிறஷர் கட்டுப்பாட்டில இல்லாதவை, கர்ப்பிணிகள். ஆஸ்துமா உள்ளவையும் இதயத் துடிப்பை மெதுவாக்கிற பீற்றா புளொக்கர் குளிசை எடுக்கிறவையும் தங்கட டொக்டரிட்டக் கேட்டு எழுத்தில கொண்டுவரவேணும். எங்கட ஆக்களில கனபேருக்குச் சீனி. கால் விறைச்சுப்போன சீனிக்காரருக்கு கல்லு வெட்டினாலும் தெரியாது, அவை கரையில நிண்டு பேர் கூப்பிடுறதுதான் நல்லது.

---

அனுப்புநர்: வாத்தியார் மாமா, பாரிஸ்

பிள்ளையள், குறை நினையாதேங்கோ. ஊரின்ர பேரைச் சொல்லிக் கடலுக்குள்ள நிண்டு நடுங்கிறதைப் படம்பிடிச்சுக் காசு கேக்கிறது எங்களுக்கு அழகில்லை. நாங்கள் காடு வெட்டிக் குடியேறின சனம். ஆரிட்டயும் கையேந்தாமல் வாழ்ந்த சனம். தேவையெண்டால் ஒவ்வொரு குடும்பமும் நூறு நூறு யூரோ போட்டு முடிக்கலாம். இல்லாட்டி அடுத்த ஊர்க்காரர் செய்தமாதிரிக் கலைவிழா வையுங்கோ.

இறங்கித்தான் ஆகவேணுமெண்டால் வேட்டியோட இறங்குங்கோ. ஆரெண்டு பாக்கிறவைக்குத் தெரியட்டும்.

---

அனுப்புநர்: துருசடி அக்கா, ரொறொன்ரோ

மாமா, வேட்டி நனைஞ்சால் காலோட சுத்தும், அலை அடிச்சால் விழுத்தும். சீலையும் அப்படித்தான். இறங்கமுன்னம் கரையில கட்டிப் படம் எடுக்கலாம். தண்ணிக்கை குளிப்புடுப்புத்தான்.

கலைவிழாவுக்கு மண்டபக் காசு, ஒலியமைப்பு, சாப்பாடு எண்டு போக மிஞ்சிறது என்னெண்டு எல்லாருக்கும் தெரியும். இதில செலவு கையுறையும் சப்பாத்தும், அதையும் அவரவர் வாங்கினம். வான்கூவரில புதுவருசத்துக்குக் கடலில இறங்கிறது 1920இல தொடங்கினது, அங்க ஆரும் அதைக் கேவலமாப் பாக்கிறதில்லை.

வாளியில ஐஸ்தண்ணி ஊத்தினால் போதாதோ எண்டு கேட்ட பிள்ளைக்கு: 2014இல ‘ஐஸ் பக்கெற் சலஞ்ச்’ எண்டு தலையில ஊத்தின அந்த வாளியால அமெரிக்காவில ஏஎல்எஸ் எண்ட நரம்பு நோய்ச் சங்கத்துக்கு 115 மில்லியன் டொலர் வந்தது. வந்த காரணம் வாளி இல்லை. ஊத்தினவர் மற்ற ஆக்களின்ர பேரைச் சொல்லி 24 மணித்தியாலம் தவணை குடுத்தவர். நாங்களும் இறங்கிற ஒவ்வொருத்தரும் ஊராக்கள் மூண்டு பேரின்ர பேர் சொல்லுவம். வாளியெண்டாலும் இதயக்காரருக்கு அதே ஆபத்துத்தான்.

---

அனுப்புநர்: வாய்க்கால்கரை, ஸ்காபரோ

பொருளாளர் கேட்டது நியாயம். விலைக்கூறலுக்கு முதல் பிளான்ட்டுக்கு என்ன வருத்தமெண்டு பாக்கவேணும். மச்சாளின்ர படத்தில தெரியிறது 4040 மெம்பிறேன், நாலு அங்குல விட்டம், நாப்பது அங்குல நீளம். நல்ல நிலையில ஒண்டு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 250 லீற்றர் தரும்.

ஊரில ஆரும் கொட்டிலைத் திறந்தால் மூண்டு விசயம் எழுதி அனுப்பச் சொல்லுங்கோ: அழுக்கு வடிக்கிற 5 மைக்ரோன் காற்றிஜ்ஜுக்கு முன்னும் பின்னும் அமுக்கமானி காட்டுறது, சுத்தத் தண்ணியின்ர ரீடிஎஸ் (கரைஞ்ச உப்பின்ர அளவு), ஒரு வாளி நிரம்ப எத்தினை செக்கன். தண்ணி குறைஞ்சு ரீடிஎஸ் பழையபடியே இருந்தால் மெம்பிறேன் அடைச்சுப்போச்சு, கழுவலாம். ரீடிஎஸ் ஏறியிருந்தால் ஓ-ரிங் எண்ட ரப்பர் வளையம் தேய்ஞ்சிருக்கும், முதல் அதைப் பாருங்கோ, அது சின்னக் காசு. தண்ணியும் கூடி ரீடிஎஸ்ஸும் கூடினால் குளோரின் மெம்பிறேனைத் திண்டிட்டுது, மாத்தத்தான் வேணும். கிணத்துக்குக் குளோரின் போட்டிட்டுக் கரி வடியை மாத்தாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

எங்கட தண்ணி வன்தண்ணி. கேத்தில் அடியில பிடிக்கிற கல்லுமாதிரி மெம்பிறேனுக்குள்ளயும் பிடிக்கும், கடைசி மெம்பிறேனிலதான் ஆகக்கூட. அதைக் கழட்டி வெளிவாயைப் பாத்தால் வெள்ளையாப் படிஞ்சிருக்கும். கொஞ்சம் சுரண்டித் தேசிக்காய்ப்புளி விட நுரைச்சால் சுண்ணக்கல். அதுக்கு 100 லீற்றர் சுத்தத் தண்ணியில 2 கிலோ சிற்றிரிக் அசிற் கரைச்சு, குறைஞ்ச அமுக்கத்தில ஒரு மணித்தியாலம் சுத்தவிடலாம். ஆனால் இவ்வளவு நாள் தண்ணியோட நிண்டதால பாசிச் சளியும் இருக்கும். அப்பிடியெண்டால் காரக் கழுவல் முதல், அசிற் பிறகு. மாறிச் செய்தால் சளி இறுகீரும்.

இது ஏன் பழுதானது? மருந்துத் தொட்டி காய, கல் பிடியாமல் விடுற அந்த மருந்தை வாங்க ஆளில்லை. பள்ளி விடுமுறைக்குப் பூட்டேக்க உள்ளதைக் கழுவி, பாசி பிடியாமல் காக்கிற 1 வீத சோடியம் மெற்றாபைசல்பைற் கரைசல் நிரப்பாமல் விட்டது. கறண்ட் குறைஞ்ச நேரம் ஓடவிட்டு மோட்டரும் சூடாகியிருக்கும். ஆனபடியால் சேக்கிற காசில பாதியை மெம்பிறேனுக்கும், மற்றப் பாதியைக் காற்றிஜ், மருந்து, ஸ்ரபிலைசர், ஓடுறவரின்ர மாதச் சம்பளம் எண்டு ஒதுக்கவேணும். இல்லாட்டி இரண்டு வருசத்தில திரும்பவும் ஆரும் கடலில இறங்கவேண்டி வரும். கழிவுத்தண்ணி உப்பு, அதைக் கிணத்தடியில விடாமல் தூரக் கொண்டுபோக ஒரு பைப்பும் கணக்கில போடுங்கோ.

---

அனுப்புநர்: மருதடி வீடு, சூரிச்

எல்லாரும் பிளான்ட்டைப் பற்றிக் கதைக்கிறியள். கொட்டில் நிக்கிற நிலம் ஐயா வேலியை உள்ள தள்ளி விட்டுத்தந்தது. திறப்புவிழாக் கல்வெட்டில ஆரார் பேரோ இருக்கு, ஐயாவின்ர பேர் இல்லை. அண்டைக்கு மைக் பிடிச்சவருக்கு அது தெரியும். நான் காசு தாறன், குறையில்லாமல் தாறன். ஆனால் கல்வெட்டு மாறவேணும்.

---

அனுப்புநர்: ஒஸ்லோ, பனங்கூடல்

கல்வெட்டை மாத்தத்தான் வேணும். மருதடி ஐயா இல்லாட்டி அந்த வருசம் குளம் நிரம்பி வான் பாயேக்க அலைகரைக்கு மண்மூட்டை அடுக்க ஆள் வந்திருக்காது. துருசு திறந்து வாய்க்காலில தண்ணி வாற நாளில பள்ளிக்கூடமே காலி, மணலை மீன் பிடிக்க எல்லாரும் வாய்க்காலுக்கைதான். வாத்தியார் மாமாவும் பிரம்போட வந்து, பிறகு தானும் காற்சட்டையை மடிச்சவர்.

ஒஸ்லோவில நாங்கள் ஐந்து பேர் இறங்கிறம். படகுத்துறை ஏணியால இறங்கிற இடம், ஏணி விளிம்பில ஐஸ் பிடிக்கும், கையுறை வழுக்காததா வாங்கவேணும்.

---

அனுப்புநர்: சங்கக்கடைத் தம்பி, லண்டன்

கொட்டில் திறப்பு மாதர் சங்கத் தலைவியிட்ட இருக்காம், ஞாயிறு திறந்து பாத்து வாய்க்கால்கரை கேட்ட மூண்டு அளவும் அனுப்பினமாம். விலைக்கூறல் வந்த பிறகுதான் பக்கம் திறப்பம். கல்வெட்டுச் செலவைத் தனியா நான் தாறன், அது சேகரிப்பில வராது. லண்டன் பழக்கம் வாற சனி காலமை பத்து மணிக்கு, வத்துப் பெருக்கு நேரம் பாத்து இடம் சொல்லுறன். முதல் நாள் கன மழையெண்டால் கழிவுநீர் கடலில கலக்கும், அண்டைக்கு இல்லை. டொக்டரின்ர கடிதம் இல்லாதவையின்ர பேர் பட்டியலில ஏறாது.

---

அனுப்புநர்: பொருளாளர், லண்டன்

கல்வெட்டுச் செலவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.